கண் மூடச் சொல்லும் மணி

ஊரில் உள்ளவர்கள் அடுத்த வீட்டு மாடியைப் பார்த்து, நகையைப் பார்த்து, சிங்கப்பூர் விசாவைப் பார்த்து வயிறெரிவார்கள். பெர்சிஸுக்கு வயிறெரிந்தது ஒரு குடையைப் பார்த்து. சாதாரணக் கறுப்புக் குடை. ஒரு கம்பி வளைந்தும் இருந்தது. ரங்கூனின் பபேடான் கடைத்தெருவில் மழை கொட்டிக்கொண்டிருக்க, அஷ்ஃபாக் அதை ஷப்னத்தின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனான். தன் தோள் நனைவது பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அடுத்த மாதம் நிக்காஹ் ஆகப்போகிற மாப்பிள்ளைக்கு யாரிடம் என்ன கூச்சம்? தெருவே பார்த்துப் பல்லைக் காட்டியது.

அதே ஷப்னத்துக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து குடை பிடித்தவள் பெர்சிஸ். அதைப் பார்த்துத் தெருநாய்கூடத் திரும்பியதில்லை.

ஷப்னம் இரும்புச் சாமான் கடை அப்துல் பாரியின் மகள். பெர்சிஸின் அப்பா மரியஜோசப் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா லூர்து தெருமுனையில் தோசை சுட்டாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றை முதலில் பார்த்தது பெர்சிஸ்தான். பல்கலைக்கழகத்தை அரசாங்கம் மூடிமூடித் திறந்ததால் சீக்கிரம் முடிய வேண்டிய படிப்பு இழுத்துக்கொண்டே போனது. அத்தனை வருஷமும் ஷப்னத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கக் கிடைத்ததால், அரசாங்கத்தின் மேல் அவளுக்கிருந்த கோபங்களில் அது ஒன்று மட்டும் கணக்கில் சேரவில்லை.

தங்களுக்குள் இருப்பது வெறும் சினேகிதம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருமுறை த்வாண்டேக்குப் பானை வாங்கப் போய், திரும்பும் படகு கால்வாயில் பழுதாகி நின்றுவிட்டது. அன்று படகின் பின்புறம், பானைகளுக்கு நடுவில் நடந்ததை இருவரும் பிறகு பேசவில்லை. பேசுவதற்கு அதற்கு ஒரு பெயர் வேண்டுமே. ஷப்னத்தின் வீட்டில் ஒரு ராத்திரி தங்கவும் வழியில்லை. ரங்கூனில் யார் வீட்டில் யார் ராத்தங்கினாலும் வார்டு ஆபீஸில் விருந்தாளி என்று பதிவு செய்ய வேண்டும். "என்ன உறவு?" என்று அங்கே உட்கார்ந்திருப்பவன் கேட்பான். அதற்குப் பதில் தெரிந்திருந்தால் பெர்சிஸ் வார்டு ஆபீஸுக்கு ஏன் போகிறாள், நேரே மெக்காவுக்கோ ரோமாபுரிக்கோ போய்ச் சொல்லியிருப்பாள்.

இந்த நேரத்தில்தான் அவள் வேலை பார்த்த இடத்துக்கு அந்தப் படம் வந்தது.

அவள் வேலை பார்த்தது திரைப்பட ஒழுக்கப் பாதுகாப்பு வாரியத்தில். தற்காலிக மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டுப் படம் எது வந்தாலும் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துப் பர்மிய மொழியில் உரக்கச் சொல்வது அவள் வேலை. வந்திருந்தது ஓர் ஆவணப்படம்: சீனச் சமூகத்தில் ஆணை விரும்பிய ஆண்களும் பெண்ணை விரும்பிய பெண்களும், அரசர் காலத்திலிருந்து இன்றுவரை. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கலாசார மையம் தன் அரங்கில் போட அனுமதி கேட்டிருந்தது.

"சீனத் தெருவில் ஆளா இல்லை? சீனம் தெரிந்தவரைக் கூப்பிடலாமே, ஸயா," என்றாள் பெர்சிஸ்.

ஸயா என்றால் பர்மாவில் வாத்தியாரும் ஐயாவும் ஒன்றாகச் சேர்ந்தது. இந்த ஸயா வாரியத் தலைவர் ஊ போ சான், ஓய்வு பெற்ற மேஜர்.

"வெளிநாட்டு இனம் பற்றிய படத்துக்கு வெளிநாட்டு இன ஊழியர் கருத்துச் சொல்ல வேண்டும். விதி. நீ இந்தியக்காரி. இந்தியாவும் வெளிநாடு, சீனாவும் வெளிநாடு. நீயே போதும்."

"நான் பிறந்தது ரங்கூன் ஆஸ்பத்திரியில், ஸயா."

"அதுதான் உன்மேல் எங்களுக்கு நம்பிக்கை," என்றார் அவர்.

வாரியத்தில் படம் பார்க்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். டி.வி. பெட்டி பின்னல் துணி போர்த்தி மேடையில் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் போகலாம். எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள்: "இன்று நான் பார்க்கப்போவதால் எனக்கு எந்த இன்பமும் உண்டாகாது. உண்டானால் உடனே மேலிடத்துக்குத் தெரிவிப்பேன்." பிறகு படம் ஓடும். ஆட்சேபத்துக்குரிய காட்சி வந்தால் தலைவர் ஒரு பித்தளை மணியை அடிப்பார். உறுப்பினர்கள் எல்லோரும் கண்ணை இறுக்க மூடிக்கொள்ள, நாட்டின் சார்பாகத் தலைவர் மட்டும் பார்ப்பார். காட்சி முடிந்ததும் மறுபடி மணி, கண் திறக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் கண்ணை மூடக்கூடாது என்று தனி உத்தரவு. எழுத்தைப் படிக்க வேண்டுமே.

"மற்றவர்கள் ஒழுக்கத்துக்கு இருக்கிற பாதுகாப்பு என் ஒழுக்கத்துக்குக் கிடையாதா?" என்று சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள்.

"நீ தற்காலிகம்தானே," என்றார்கள்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய அரசன் வந்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவன். அவன் கையின் மேல் அவனுடைய காதலன் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான். அரசன் எழ வேண்டும். சட்டைக்கை தூங்குபவனின் உடம்புக்கடியில் மாட்டியிருக்கிறது. எழுப்ப மனமில்லாமல் கத்தியை எடுத்துத் தன் சட்டைக்கையை வெட்டிவிட்டு மெல்ல எழுந்து போகிறான். படத்தில் அதை மை ஓவியமாகக் காட்டினார்கள். தலைவர் மணியடித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். தலைவர் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி அதே காட்சியை மறுபடி பார்த்தார். மறுபடியும் பார்த்தார். உதவித் தலைவர் டோ ம்யா சீ கண்ணை மூடியபடியே, "ஸயா, காட்சி நீளமோ?" என்று கேட்டாள்.

"மிக நீளம்," என்றார் தலைவர்.

பெர்சிஸுக்கு அரசன் பெரிதாகத் தெரியவில்லை. அரசர்கள் எதை வேண்டுமானாலும் வெட்டுவார்கள். அவள் வயிற்றில் தீ வைத்தது அதற்கப்புறம் வந்த இரண்டு கிழவிகள்.

தென் சீனாவில் பட்டு ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் சிலருக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். கல்யாணமாகும் பெண்ணுக்குத்தான் பின்னலை அவிழ்த்துக் கொண்டை போடுவார்கள். அதையும் வேறொருத்திதான் போட்டுவிடுவாள். இந்தப் பெண்கள் ஊரறியத் தாங்களே தங்கள் தலையைச் சீவிக் கொண்டை போட்டுக்கொள்வார்கள். போட்டுவிட்டால் முடிந்தது, இனி இவள் யாருக்கும் மனைவியாகப் போகமாட்டாள் என்று அர்த்தம். படத்தில் வந்த இரண்டு கிழவிகளும் அப்படிக் கொண்டை போட்டவர்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு. ஒருத்தி பல் போன வாயால் சிரித்துக்கொண்டே இன்னொருத்தியைக் காட்டி, "இவள் குறட்டையைக் கேட்டுக் கேட்டு என் காதே போய்விட்டது," என்றாள்.

குறட்டை. பெர்சிஸ் அந்தக் குறட்டைக்குப் பொறாமைப்பட்டாள். எழுத்தைப் படிக்க மறந்து கிழவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றாள் கண்மூடியிருந்த டோ ம்யா சீ. "என்ன செய்கிறார்கள் இப்போது?"

"நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள், ஸயாமா."

"அதற்கா இவ்வளவு நேரம் கண்ணை மூடினேன்?"

மறுநாளே டோ ம்யா சீ ஷ்வேடகோன் பகோடாவின் படிக்கட்டுக் கடையில் தனக்கென்று ஒரு மணி வாங்கி வந்துவிட்டாள். தலைவர் மூடச் சொன்னால் இவள் திறக்கச் சொல்லி அடித்தாள். ஒரு வாரம் வாரிய உறுப்பினர்களின் இமைகள் கோழிச் சிறகு போல அடித்துக்கொண்டன.

படம் பார்த்த அன்று மாலையே பெர்சிஸ் இரும்புக் கடைக்குப் போயிருந்தாள். ஷப்னம் தாழ்ப்பாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு படம் இருக்குடி. நீ பாக்கணும்."

"நிக்காஹ் வேலை தலைக்கு மேல கெடக்கு. என்ன படம்?"

"சீனப் படம். நம்மளப் பத்தி."

ஷப்னம் கையிலிருந்த தாழ்ப்பாளை வைத்துவிட்டு, கடைக்குள் வாப்பா இருக்கிறாரா என்று பார்த்தாள். "நம்மளப் பத்தி சீனாக்காரனுக்கு யாருடி சொன்னது?"

"வெளையாடாத. நிக்காஹ்வுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் பாரு. பாத்துட்டு நீ அந்தக் கொடக்காரனையே கட்டிக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"அவரு பேரு அஷ்ஃபாக்."

"கொடைக்குப் பேரு வைக்கிறதெல்லாம் உங்க வீட்டு வழக்கமா?"

ஷப்னம் சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா பெர்சி? உம்மா இல்லாத பொண்ணு நான். வாப்பாவுக்கு நெஞ்சு வலி. எனக்கு வேற என்ன வழி இருக்குன்னு நீ சொல்லு, கேக்குறேன்."

பெர்சிஸிடம் சொல்ல வழி ஒன்றும் இல்லை. காட்ட ஒரு படம்தான் இருந்தது. அதுவும் வாரியத்தின் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

இதற்கிடையில் தலைவரைப் பொறாமை பிடித்து ஆட்டியது. ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்தார்.

"தோழர்களே, இந்தக் கேடு நம் நாட்டில் கிடையாது. அது ஒன்று. சீனாக்காரனிடம் இது இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறதாம். அது இரண்டு. பக்கத்து நாட்டுக்காரனிடம் இரண்டாயிரம் வருஷப் பழசாக ஒன்று இருக்கும்போது, நம்மிடம் அதைவிடப் பழசாக ஒன்று இல்லை என்றால் உலகம் நம்மை என்ன நினைக்கும்? ஆகவே நம்முடையதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, அது இல்லை என்று நிரூபிக்க வேண்டும்."

கைதட்டல்.

"அவர்கள் அரசன் சட்டைக்கையை வெட்டினானாம். பெரிய தியாகம். நான் எல்லைக் காட்டில் இருந்தபோது ஒரு கார்ப்பரல் என் இடது கை மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான். களைத்த பையன். நான் வெட்டினேனா? எழுந்தேனா? விடியும் வரை கையை அசைக்கவில்லை. மரத்துப்போன கை இன்றுவரை மழைக்காலத்தில் வலிக்கிறது. இதுதான் நம் பண்பாடு. சட்டையை வெட்டிக்கொண்டு எழுந்து போனவன் பெரியவனா, எழுந்தே போகாதவன் பெரியவனா?"

உறுப்பினர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். தலைவர் இடது கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

சாட்சி சொல்ல ஷ்வே ஓ என்ற சாமியாடியை அழைத்தார்கள். பர்மாவில் நாட் தெய்வங்களுக்கு ஆடுகிற சாமியாடிகள் தெய்வத்தின் மனைவி என்று பெயர் வாங்கியவர்கள். ஷ்வே ஓ மீசையை மழித்து, உதட்டுச் சாயம் பூசி, காதோரம் மல்லிகை வைத்து வருவார். தலைவரின் மனைவி அவரைக் கேட்காமல் மீன்கூட வாங்கமாட்டாள்.

"நம் நாட்டில் ஆணை விரும்பும் ஆண் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தலைவர்.

ஷ்வே ஓ கைக்கண்ணாடியில் சாயத்தைச் சரிசெய்தார். "கேள்விப்பட்டதே இல்லை, ஸயா. வீட்டுக்காரர் கீழே காரில் காத்திருக்கிறார், நான் சீக்கிரம் போகலாமா?"

"அரசாங்கத்தின் நன்றி," என்றார் தலைவர். ஷ்வே ஓ போகும்போது பெர்சிஸைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவளுக்கு அவர்மேலும் பொறாமை வந்தது. காத்திருக்க ஒரு கார்.

கடைசிப் படி, சராசரிக் குடிமகன் சோதனை. தடை செய்வதற்கு முன் ஒரு சராசரிக் குடிமகனுக்குப் படத்தைக் காட்டி, அவன் கெடுகிறானா என்று பார்க்க வேண்டும். மாரிச்சாமி என்ற ஆள் நெடுங்காலமாக வாரியத்தின் சராசரிக் குடிமகனாக இருந்தார். அந்தப் பதவியில் தடை செய்யப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டதால் இப்போது எதைப் போட்டாலும் குறட்டை விட்டார். அவர் சராசரியிலிருந்து உயர்ந்துவிட்டார் என்று தீர்மானம் போட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள்.

"பெண்களைக் கெடுக்கிறதா என்று பார்க்க ஒரு பெண் வேண்டும்," என்றாள் டோ ம்யா சீ. "நல்ல குடும்பம். கல்யாணம் நிச்சயமானவள் என்றால் இன்னும் நல்லது, ஒழுக்கம் உச்சத்தில் இருக்கும்."

பெர்சிஸ் தொண்டையைச் செருமினாள். "எனக்கு ஒருத்தியைத் தெரியும், ஸயாமா."

அரசாங்கம் கூப்பிட்டால் வராமலிருக்க ரங்கூனில் எந்த வாப்பாவுக்கும் தைரியம் கிடையாது. ஷப்னம் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்தாள். உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். படத்துக்கு முன்னால் அவளையும், அவளுக்கு முன்னால் வாரியம் முழுவதையும் உட்கார வைத்தார்கள்; அவர்கள் படத்துக்கு முதுகைக் காட்டி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்சிஸ் பக்கத்தில் நின்று படித்தாள். இரண்டாவது முறை படிப்பதால் எழுத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கிழவிகள் வந்தபோது பர்மிய மொழியை விட்டுத் தமிழில் சொன்னாள். யாரும் கவனிக்கவில்லை.

"தானே கொண்டை போட்டுக்கிட்டா. யாரையும் கேக்கல. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தாங்க. இவ கொறட்டை விடுவாளாம்."

ஷப்னத்தின் முக்காடு நழுவியதை அவள் எடுத்துப் போடவில்லை.

படம் முடிந்தது. நர்ஸ் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வேகம்."

தலைவர் குனிந்தார். "மகளே, பயப்படாமல் சொல். உனக்குள் என்ன உண்டாயிற்று? இன்பமா?"

 ஷப்னம் தெளிவான பர்மிய மொழியில் சொன்னாள்: "பொறாமை, ஸயா."

"யார் மேல்?"

"அந்தச் சீனாக்காரிகள் மேல்."

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எனக்கும் அதேதான். கேட்டீர்களா எல்லோரும்? ஒரு சாதாரண இரும்புக் கடைப் பெண். என் நெஞ்சில் உள்ளது அவள் நெஞ்சிலும் இருக்கிறது. இதுவல்லவா தேசபக்தி."

டோ ம்யா சீயால் இதைத் தாங்க முடியவில்லை. தலைவருக்கும் ஒரு கடைக்காரப் பெண்ணுக்கும் ஒரே உணர்ச்சி, தனக்கு மட்டும் இல்லை. தன் மணியை ஓங்கி அடித்தாள்.

"தேசபக்தியோ என்னவோ, இது பாதிப்பு. பார்ப்பதற்கு முன் இல்லை, பார்த்தபின் வந்திருக்கிறது. விதி என்ன சொல்கிறது? பாதிக்கப்பட்டவர் குணமாகும் வரை பாதிக்கப்படாத குடும்பத்தோடு சம்பந்தம் வைக்கக்கூடாது. பரவிவிடும். கண்காணிக்க ஆள் போட வேண்டும்."

"யாரைப் போடுவது?" என்றார் தலைவர். "பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கும் ஒட்டிவிட்டால்?"

"ஏற்கெனவே கண் திறந்து பார்த்தும் ஒன்றும் ஆகாதவர் வேண்டும்," என்றாள் டோ ம்யா சீ.

எல்லோரும் பெர்சிஸைப் பார்த்தார்கள்.

உத்தரவு அன்றைக்கே வந்தது. மொழிபெயர்ப்பாளர் பெர்சிஸ், பாதிக்கப்பட்ட குடிமகள் ஷப்னத்தின் வீட்டிலேயே இரவும் பகலும் தங்கிக் கண்காணித்து, மாதாமாதம் தலைவரிடம் நேரில் நிலைமையைச் சொல்ல வேண்டும். விருந்தாளிப் பதிவு தேவையில்லை. வார்டு ஆபீஸ் எந்தக் கேள்வியும் கேட்கக்கூடாது. படத்தைப் பொறுத்தவரை, இடையில் கப்பல்கள் வருகிற ஒரு காட்சியும் நூடுல்ஸ் காட்சியும் அனுமதிக்கப்பட்டன. மீதியை வாரியம் தன்னிடமே வைத்துக்கொண்டது. உறுப்பினர்கள் மறுபரிசீலனைக்காக ஆளுக்கு ஒரு நகல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் அஷ்ஃபாக்கின் தாயார் ஹமீதுன்னிசா பபேடான் வீட்டுக்கு வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க பாரி அண்ணே. புள்ள தங்கமான புள்ளதான். ஆனா சர்க்காரு வந்து உக்காந்து பாக்குற வூட்டுல எப்படிண்ணே சம்பந்தம் பண்றது? எங்களுக்கும் கடை கண்ணி இருக்கு."

அப்துல் பாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்ன சீக்குன்னு சொல்றாங்கம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல வாப்பா. பொறாமை."

"அது இந்தத் தெருவுல எல்லாருக்கும் இருக்கே," என்றார் அவர்.

ஷப்னத்தைக் கெட்ட பெயரில் இழுத்துவிட்டோமே என்று பெர்சிஸ் அன்று தன்னையே நொந்துகொண்டாள். பெட்டியோடு வாசலில் நின்றவள் உள்ளே வரத் தயங்கினாள். "ஷப்னம், எனக்குத் தெரியாதுடி இப்படி ஆகும்னு. வேணாம்னா சொல்லிடு. வேற ஆளப் போடச் சொல்றேன்."

ஷப்னம் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நிக்காஹ்வுக்கென்று எண்ணெய் வைத்து வளர்த்த பின்னலை அவிழ்த்தாள். சீப்பைப் பெர்சிஸ் எடுத்து நீட்டப் போனாள்.

"நீ சும்மா இரு," என்றாள் ஷப்னம். "இத நானே போட்டுக்கணும்."

அதற்குப் பிறகு ஏழு மழைக்காலம் போயிற்று. பெரும் புயல் வந்து பாதிக் கூரையைக் கொண்டுபோனபோதும் கண்காணிப்பு நிற்கவில்லை; குறைவாக ஒழுகிய மூலையில் இரண்டு பேரும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குறட்டை விட்டது பெர்சிஸ் என்று தெரியவந்தது. அக்கம்பக்கத்தார் பாவம் பாவம் என்றார்கள். ஒன்றிரண்டு பெண்கள் தங்களுக்கும் அந்தப் பாதிப்பு இருக்குமோ என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பெர்சிஸின் வயிறெரிச்சல் மட்டும் முழுதாக அணையவில்லை. அந்தக் கிழவிகள் யாரிடமும் உத்தரவு வாங்கவில்லை. ஒரு முட்டாளின் மணியோசைக்கு நன்றி சொல்லவேண்டிய நிலை அவர்களுக்கு வந்ததில்லை. ராத்திரி கதவைத் தாழிடும்போதெல்லாம் அவளுக்கு அது உறுத்தும்.

மாதாமாதம் தலைவர் கேட்பார். "எப்படி இருக்கிறாள்?"

"அப்படியேதான் இருக்கிறாள், ஸயா. முன்னேற்றம் இல்லை."

"கண்காணிப்பு தொடரட்டும்."

இரண்டாயிரத்துப் பத்தில் ஊ போ சான் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்துக்கு மேசை போட்டு, மாலை வாங்கி, எல்லோரும் பேசி முடித்தார்கள். பாதிக்கப்பட்ட குடிமகளின் விவகாரத்தை நிரந்தரமாகத் தொடர்வதென்ற கோப்பில் கடைசிக் கையெழுத்தைப் போட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. இடது கையை வலது கையால் தடவிக்கொண்டே பெர்சிஸைக் கூப்பிட்டார்.

"அந்தப் பெண். இன்னுமா குணமாகவில்லை?"

"இல்லை, ஸயா."

"ஏழு வருஷத்தில் கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "கொடுத்து வைத்தவள்," என்றார்.

பிறகு மேசை மேல் இருந்த மணியை எடுத்து அடித்தார். பழக்க தோஷம், டோ ம்யா சீ உட்பட அறையில் இருந்த அத்தனை பேரும், வாயில் வைத்த கேக்கை மெல்வதைக்கூட நிறுத்தாமல், கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். ஊ போ சான் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை இன்னொரு மணி அடிக்கவில்லை.

பெர்சிஸ் மட்டும், உத்தரவுப்படி, கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.